பேத்தி வரும் வரை முகக்கவசம்

அன்பும் மரியாதையும் கலந்து மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதுவது.

இங்கே நாங்கள் இருவரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் யார் நலம், யாருக்கு நலமில்லை என்று கணக்கெடுப்பதே சுகாதார அலுவலகத்தில் தங்கள் உத்தியோகம் என்பதால், ஒரு பேச்சுக்காகக்கூட உங்களிடம் அப்படி எழுதிவிட முடியவில்லை. காய்ச்சல் இல்லை. இருமல் இல்லை. வாசனை தெரிகிறது. ருசியும் தெரிகிறது, சூப்பில் உப்பு தூக்கல் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, உங்கள் அத்தையிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளும் அளவுக்கு நன்றாகவே தெரிகிறது. அங்கே தாங்களும், என் மகளும், தங்கள் தாயாரும், எல்லாருக்கும் மேலாக இன்னும் என் கைக்கு வந்து சேராத என் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போன் என் கைக்கு வந்தால்தானே? விடிந்ததிலிருந்து அது உங்கள் அத்தையிடம்தான் இருக்கிறது. குழந்தை கொட்டாவி விட்ட வீடியோ, குழந்தை கொட்டாவி விடாத வீடியோ, இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தப்பித் தவறி என் கைக்கு வந்து நான் பேச ஆரம்பித்தால், "அப்பா, மெதுவாப் பேசுங்க, பாப்பா முழிச்சுக்கும்" என்கிறாள் மகள். பாதி ஆயுளை ரயில் நிலையத்தில் மைக் முன்னால் கழித்தவனிடம் மெதுவாகப் பேசு என்றால் எப்படி? அதனால்தான் கடிதம். இதை எந்தச் சத்தத்தில் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். குழந்தை பிறந்தபோது பயணத்துக்குத் தடை. தடை நீங்கியபோது தங்கள் தாயாரின் நுரையீரல் பலவீனமாக இருப்பதால் வீட்டுக்குள் வெளியாள் யாரும் வரக் கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். ரொம்ப நியாயம். எனவே நீங்களே குழந்தையைக் காரில் இங்கே அழைத்து வருவதாகப் பெரிய மனது பண்ணிச் சொன்னீர்கள். ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டீர்கள். "மாமா, உங்க வீட்டுக்குள்ள பிரச்சினை இல்ல. அந்த மாடிப்படிதான் பிரச்சினை. கட்டடத்துல எல்லாரும் மாஸ்க் போட ஆரம்பிச்சதும் ஒரு வார்த்தை சொல்லுங்க. மறுநாளே கூட்டிட்டு வரேன்." எங்கள் மாடிப்படியைத் தாங்கள் மறக்கவில்லை என்பதில் எனக்கு மகிழ்ச்சி. எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் மூச்சை இன்னொருவர் விட வேண்டியதுதான். லிஃப்டோ, ஓடுகிற நாளைவிடப் படுத்துக்கொள்ளும் நாள்தான் அதிகம். ஓடுகிற நாளில் நாலு பேர் ஏற வேண்டியதில் ஏழு பேர் ஏறி, நடுவில் ஒரு சைக்கிளையும் நிறுத்துவார்கள். ஆக, இந்தப் படியில் ஏறி இறங்குகிற அத்தனை மூக்கையும் வாயையும் மூட வைத்தால் எனக்குப் பேத்தி. இல்லையென்றால் கொட்டாவி வீடியோ.

உடனே காரியத்தில் இறங்கினேன். ஏன் போடமாட்டேன் என்கிறார்கள் என்பதை முதலில் தெரிந்துகொள்வோம் என்று ஒவ்வொருவராகப் பிடித்தேன். இதற்கென்றே உங்கள் அலுவலகத்தில் கேள்வித்தாள் தயாரித்திருப்பதாக மகள் சொன்னாள். அதை அப்படியே ஓரமாக வைத்துவிட்டு எங்கள் படியில் ஒரு நாள் வந்து உட்காருங்கள். முழங்கால் வலி வரும், விஷயமும் வரும். தரைத்தளத்தில் பேக்கரி வைத்திருப்பவர் ரொட்டி வெந்துவிட்டதா என்பதை மூக்கால்தான் பார்க்கிறார். "மூக்கை மூடினா ரொட்டி கருகும் சார். ரொட்டி கருகினா பொழப்பு போயிடும். நோய் வந்தாலாவது மாத்திரை சாப்பிட்டுப் பொழைச்சுக்கலாம்" என்றார். அடுப்பை விட்டு வெளியே வரும்போதாவது போடலாமே என்றேன். "ஏத்தி இறக்கறதுக்குள்ள அடுத்த தட்டு வெந்துடுது சார்" என்றார். அவருடைய முகக்கவசம் நாள் முழுக்கத் தாடையில்தான் குடியிருக்கிறது. தாடியில் மாவு ஒட்டவில்லை, அந்த மட்டில் லாபம்.

இரண்டாவது மாடியில் கராத்தே மாஸ்டர் இருக்கிறாரே, வாசற்படியில் நின்றால் கதவே வேண்டாம் என்கிற உருவம், அவர் கதை வேறு. தன் வீட்டுக்குள் தனியாக இருக்கும்போது முகக்கவசம் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார், நானே பார்த்தேன். படியில் எதிரே ஆள் வந்தால் கழற்றிவிடுகிறார்! கேட்டால், "தெரிஞ்சவங்க வரும்போது முகத்தை மூடிட்டு நின்னா திருடன் மாதிரி இருக்கு சார், மனசு கேக்க மாட்டேங்குது" என்கிறார். கழற்றி, இடுப்பு வரை குனிந்து வணங்கி, முகத்துக்கு நேரே நலம் விசாரித்து, நாம் போன பிறகு மறுபடி மாட்டிக்கொள்கிறார். மூன்றாவது மாடி வக்கீலம்மா நீதிமன்றத்தில் முகக்கவசம், கையுறை, கிருமிநாசினி என்று சகல ஆயுதங்களோடும் இருப்பவர். நம் வாசலுக்குள் கால் வைத்ததும் எல்லாவற்றையும் கழற்றிக் கைப்பையில் போட்டுவிடுகிறார். "வெளியாளுங்ககிட்ட இருந்துதானே சார் வரும்? இங்க எல்லாரும் நம்மாளுங்கதானே?" என்றார். நம்மாளுங்களும் வெளியே போய்விட்டுத்தானே வருகிறார்கள் என்று மடக்கினேன். "போறாங்க. ஆனா திரும்பி வந்துடறாங்கல்ல?" என்று கேட்டார். வக்கீலிடம் அதற்கு மேல் வாதாட எனக்கென்ன பைத்தியமா?

மாப்பிள்ளை, இவர்கள் யாரும் மடையர்கள் இல்லை. டிவியில் சொல்கிற அத்தனையும் இவர்களுக்கு மனப்பாடம். அடுத்த தெருக்காரர்கள் எப்படிக் கொஞ்சமும் பொறுப்பில்லாமல் திரிகிறார்கள் என்று மணிக்கணக்கில் பேசுவார்கள், பேசும்போதும் மூடியிருக்க மாட்டார்கள். ஒருவருக்குத் தொழில் பக்தி, ஒருவருக்கு மரியாதை, ஒருவருக்கு அக்கம்பக்கத்தார் மேல் பாசம். எல்லாமே நல்ல காரணம். ஊரில் பாதிப் பேர் நல்ல குணத்தினாலேயே இந்த நோயைப் பரப்புகிறார்கள் என்று உங்கள் அறிக்கையில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். மேலதிகாரி கேட்டால் மாமனார் சொன்னார் என்று சொல்ல வேண்டாம்.

சரி, நமக்குத் தெரிந்த தொழிலைக் காட்டுவோம் என்று கராத்தே வகுப்பின் ஒலிபெருக்கியை இரவல் வாங்கிப் படிக்கட்டில் கட்டினேன். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தால், பழக்க தோஷம், "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று வந்துவிட்டது. அப்புறம் சுதாரித்து, குடியிருப்போர் அனைவரும் படியிலும் லிஃப்டிலும் கட்டாயம் முகக்கவசம் அணிய வேண்டும் என்று பிசிறில்லாமல் சொன்னேன். குரல் இன்னும் கணீரென்றுதான் இருக்கிறது, அத்தையே ஒப்புக்கொண்டாள். ஆனால் ஒரு கதவு திறக்க வேண்டுமே? ஒரு தலை எட்டிப் பார்க்க வேண்டுமே? கீழே போய் பேக்கரிக்காரரிடம் கேட்டேனா, அறிவிப்பு காதில் விழுந்ததா என்று. "விழுந்துச்சு சார், நல்லா இருந்துச்சு. உங்க குரலைக் கேட்டதும் என்னமோ வரவேண்டியது இன்னும் வரலைன்னு தோணுச்சு. இன்னும் கொஞ்ச நேரம் உக்காரலாம்னு உக்காந்துட்டேன்" என்றார். குறை சொல்ல முடியாது. இந்த ஊருக்கு என் குரலில் வந்த சேதியெல்லாம் தாமதம்தான். நோயும் நம் கட்டடத்துக்குத் தாமதமாகத்தான் வரும் என்று எடுத்துக்கொண்டு எல்லாரும் நிம்மதியாகி, அன்று மாலை வழக்கத்தைவிட அதிகக் கூட்டம் வாசலில் நின்று அரட்டை அடித்தது.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. ரயில் நிலையத்திலும் என் அறிவிப்பை யாரும் கேட்டதில்லை. நான் எந்த நடைமேடை என்று தொண்டை கிழியச் சொன்னாலும் ஜனங்கள் பார்த்தது பெட்டி தூக்குகிற ஆட்களைத்தான். அவர்கள் எந்தப் பக்கம் நடக்கிறார்களோ அந்தப் பக்கம் மொத்தக் கூட்டமும் ஓடும். அறிவிப்பு என்ன சொன்னது என்று எவரும் கேட்பதில்லை; பக்கத்து ஆள் எங்கே ஓடுகிறார் என்றுதான் பார்ப்பார்கள். ஆக, நம் கட்டடத்தில் முதலில் ஓட ஒரு ஆள் வேண்டும். எல்லாரும் மதிக்கிறவர் வக்கீலம்மா. அவரிடம் போய்க் கெஞ்சி, தங்கள் பதவி, தங்கள் படிப்பு என்று ஏற்றிவிட்டு, ஒரு வழியாகச் சம்மதிக்க வைத்தேன். மறுநாள் காலையில் முகக்கவசத்தோடு கம்பீரமாகப் படியிறங்கினார். பார்த்தவர்கள் எல்லாம் ஓடினார்கள் மாப்பிள்ளை, நான் நினைத்த திசையில் இல்லை. யாருமே போடாத இடத்தில் ஒருவர் திடீரென்று போட்டால் என்ன அர்த்தம்? அவருக்கு வந்துவிட்டது என்று அர்த்தம்! லிஃப்டில் ஏழு பேர் ஏறுகிற கட்டடத்தில் அவர் தனியாகப் போனார், தனியாக வந்தார். மத்தியானத்துக்குள் அவரை ஆம்புலன்ஸ் கூட்டிக்கொண்டு போய்விட்டதாகவும், சாயங்காலத்துக்குள் நிலைமை மோசம் என்றும் பேச்சு. அவர் வீட்டு வாசலில் யாரோ பழங்களை வைத்துவிட்டு மணியை அடித்துவிட்டு ஓடிவிட்டார்கள். மறுநாள் வக்கீலம்மா முகக்கவசத்தைக் கழற்றி என் கையில் கொடுத்து, "சார், எனக்கு நோய் வந்தாக்கூட இத்தனை பேர் பயந்திருக்க மாட்டாங்க. இனிமே இதை நீங்களே வெச்சுக்குங்க" என்றார். இரண்டு நாள் என்னைப் பார்த்துச் சிரிக்கவே இல்லை. சிரித்திருந்தாலாவது முகக்கவசம் இல்லாததால் தெரிந்திருக்கும்.

நயத்துக்கு மசியவில்லை என்றால் பயம் காட்டுவோம் என்று, நீங்கள் மகளின் போனிலிருந்து அனுப்பிய அந்த நோயாளிகள் எண்ணிக்கை வரைபடத்தை, சிவப்புக் கோடு மலை ஏறுகிற மாதிரி ஏறுமே, அதைப் பெரிதாக அச்சடித்து லிஃப்ட் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டினேன். பலன் உடனே தெரிந்தது. மொத்தக் கட்டடமும் அதன் முன்னால் கூடிவிட்டது. பின்னால் நிற்பவருக்குத் தெரியவில்லை என்று தோளில் கை போட்டு எட்டிப் பார்க்கிறார்கள். கராத்தே மாஸ்டர் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு உரக்கப் படித்துக் காட்டுகிறார். "கூட்டத்துலதான் இது வேகமாப் பரவுதாம், கேட்டுக்குங்க" என்று அவர் சொல்ல, கேட்காதவர்கள் இன்னும் கொஞ்சம் நெருங்கி வந்தார்கள். நான் ஓடிப் போய்க் கிழித்துப் போட்டேன். அதற்கும், சுகாதாரத் தகவலைப் பெரியவர் மறைக்கப் பார்க்கிறார் என்று பேச்சு வந்தது.

அன்றைக்கு எனக்கு நிஜமாகவே மனசு விட்டுப்போய்விட்டது. வீட்டுக்குள் போகக்கூடத் தோன்றவில்லை. அத்தை குளிக்கப் போன நேரம் பார்த்து அந்தப் போனை எடுத்து வந்து முதல் மாடிப் படியில் உட்கார்ந்தேன். கொட்டாவியைத்தான் பார்த்தேன். மாப்பிள்ளை, அந்தக் கொட்டாவியின் கடைசியில் குழந்தை ஒரு பக்கமாக உதட்டைக் கோணுகிறாள் பாருங்கள், அது என் அம்மாவின் ஜாடை. இதை யாரிடமும் சொல்லவில்லை, உங்களிடம்தான் சொல்கிறேன். பார்த்துக்கொண்டே இருந்தேனா, கண் கலங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து பேக்கரிக்காரர் ரொட்டிக் கூடையோடு ஏறி வந்தார். "யாரு சார் இது?" என்றார். என் பேத்தி என்றேன். "எப்போ பொறந்தா? ஊர்ல இருக்காளா? தூக்கிட்டீங்களா?" என்று அடுக்கினார். நான் என்னத்தைச் சொல்ல? இன்னும் தொடவே இல்லை, இந்தப் படியைப் பார்த்து என் மாப்பிள்ளை பயப்படுகிறார், எல்லாரும் மூக்கை மூடினால்தான் கூட்டி வருவார் என்று உள்ளதைச் சொன்னேன். அறிவிப்பு மாதிரி இல்லை, குரலே எழும்பவில்லை. அவர் கூடையைக் கீழே வைத்தார். தாடையில் கிடந்ததை மேலே இழுத்து மூக்கு வரைக்கும் ஏற்றிக்கொண்டார். "இதை மொதல்லயே சொல்லிருக்கலாம்ல சார்? நோய், நோய்னே சொல்லிட்டு இருந்தீங்க" என்றார்.

அவ்வளவுதான். மறுநாள் பேக்கரியில் ரொட்டி வாங்க வந்தவர்களிடம் எல்லாம், "மாடிப் பெரியவர் பேத்தி வரணுமாம், இன்னும் அந்தப் புள்ளையத் தொடவே இல்லையாம், மாஸ்க் போட்டுட்டு வாங்க, அப்பதான் ரொட்டி" என்று சொல்லியிருக்கிறார். ரொட்டிக்காகப் போட்டார்களோ பேத்திக்காகப் போட்டார்களோ, போட்டார்கள். கராத்தே மாஸ்டர் இப்போது ஒரு மாடி தள்ளி நின்று, முகத்தை மூடியபடியே குனிந்து வணங்குகிறார். "பேத்திக்காக சார், தப்பா எடுத்துக்காதீங்க" என்று மட்டும் சொல்கிறார். வக்கீலம்மா படிக்கட்டு முழுக்க, மீறுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்று ஒட்டியிருக்கிறார். என்ன நடவடிக்கை என்று கேட்டவருக்கு, "அந்தக் குழந்தை முகத்துல எப்படிடா முழிப்ப, அதான் நடவடிக்கை" என்று பதில் சொன்னார். லிஃப்டில் இரண்டு பேருக்கு மேல் ஏறுவதில்லை. சைக்கிள் தனியாகப் போகிறது. நேற்று நான் மூச்சு வாங்குகிறது என்று படியில் நின்று என் முகக்கவசத்தைக் கொஞ்சம் இறக்கினேன். மேல்மாடியிலிருந்து வக்கீலம்மா போட்டாரே ஒரு அதட்டல்: "சார்! உங்க பேத்திக்காக நாங்க வேர்த்து வழியறோம், நீங்க என்ன காத்து வாங்கறீங்களா?" எனக்கு அவமானமாக இருந்திருக்க வேண்டும். சந்தோஷத்தில் கையெடுத்துக் கும்பிட்டேன்.

ஆகவே மாப்பிள்ளை, உங்கள் கேள்வித்தாளுக்கு என் பதில் இதுதான். ஜனங்கள் நோய்க்குப் பயந்து போடுவதில்லை. சட்டத்துக்குப் பயந்தும் ரொம்ப நாள் போடுவதில்லை. எண்ணிக்கையைக் காட்டினால் வேடிக்கை பார்ப்பார்கள். தன் உயிருக்காகக்கூடச் சோம்பல்படுகிற மனுஷன், அடுத்த வீட்டுக் குழந்தை ஒன்று வரப்போகிறது என்றால் நாள் முழுக்க மூக்கை மூடிக்கொண்டு நிற்கிறான். இத்தனை வருஷம் ஜனக்கூட்டத்தைப் பார்த்து எரிச்சல்பட்டவன் நான். இப்போது இவர்களை நினைத்தால் நெஞ்சு நிறைந்துவிடுகிறது. உங்கள் நிபந்தனை முழுசாக நிறைவேறிவிட்டது. கட்டடத்தில் மூடாத மூக்கு ஒன்றுகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமையே கிளம்பி வந்துவிடுங்கள். தொட்டிலைத் துடைத்து வெயிலில் வைத்தாகிவிட்டது.

தங்கள் தாயாருக்கு என் வணக்கங்கள். மகளை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லவும். நீங்கள் அனைவரும் நோயண்டாமல் நூறாண்டு வாழ அத்தையும் நானும் மனதார ஆசி கூறுகிறோம். பேத்தியின் உள்ளங்காலுக்கு ஒரு முத்தம், அதை மகள் கொடுத்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும்
மாமா

பி.கு.: மேலே எழுதியதை நம்பி வந்துவிட வேண்டாம்.

கடிதத்தை உறையில் போட்டுக்கொண்டு தபால்பெட்டிக்குப் போகலாம் என்று இறங்கினேன். பேக்கரியில் எல்லாரும் கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள், முகக்கவசத்தோடுதான். ஞாயிற்றுக்கிழமை பேத்தி வரலாம் என்று வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொல்லிவிட்டேன். ஒரே ஆரவாரம். வாசலிலேயே வரவேற்பாம். தரைத்தளத்தில் ஆரம்பித்து மாடி மாடியாகக் குழந்தை கைமாறி மேலே வருமாம், லிஃப்ட் வேண்டாமாம். கராத்தே மாஸ்டர்தான் முதலில் தூக்குவாராம். வக்கீலம்மா எந்தக் கன்னம் யாருக்கு என்று சண்டை வராமல் முறைப்படுத்துகிறார். முகக்கவசம் போட்டுக்கொண்டுதானே என்று கேட்டேன். பேக்கரிக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "என்ன சார் பேசறீங்க? குழந்தை வர்ற வரைக்கும்னுதானே போட்டோம்? வந்த பிறகு எதுக்கு?" என்றார். எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

ஆகவே மாப்பிள்ளை, என் பேத்தி வராத வரைக்கும்தான் இந்தக் கட்டடத்தில் இவர்கள் உயிருக்குப் பாதுகாப்பு. வந்தால் அவளுக்கு ஆபத்து, இவர்களுக்கும் ஆபத்து. நீங்கள் வர வேண்டாம். வரவில்லை என்று இங்கே யாருக்கும் போன் பண்ணியும் சொல்லிவிட வேண்டாம். நாளைக்கு வருகிறாள், அடுத்த வாரம் வருகிறாள் என்று நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஆனால் அவளைப் பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை. அத்தையாலும் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாங்களே புறப்பட்டு வருகிறோம். பயப்படாதீர்கள், வீட்டுக்குள் வரமாட்டோம். தெருவிலேயே உங்கள் முன்னறை ஜன்னலுக்கு வெளியே நிற்கிறோம். கண்ணாடியைச் சாத்தியபடியே குழந்தையைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினால் போதும், பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். கையில் கொடுக்க வேண்டாம். அத்தை கேட்டாலும் கொடுக்காதீர்கள். நான் கேட்டால், அழுதுகொண்டே கேட்டாலும், எந்தக் காரணத்தைக் கொண்டும் கொடுத்துவிடாதீர்கள்.